பக்கவாதத்தால் விழுங்க முடியாதவருக்கு அக்குபஞ்சர்

பக்கவாதம் வந்தவரின் கையும் காலும் இழுத்துக்கொண்டால் வீட்டார் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தொண்டை இழுத்துக்கொண்டது தெரியாது. தண்ணீர் கொடுத்தால் புரை ஏறுகிறது, சோற்றை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறார், கடைவாயில் எச்சில் வழிகிறது, சாப்பிட்ட பிறகு குரல் சளி கட்டியதுபோல் கரகரக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்த பின்னரே சந்தேகம் எழும். பக்கவாதத்தின் முதல் நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விழுங்கல் குறை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அது தானாகவே குறையும். குறையாமல் நிற்பவர்களுக்காகத்தான் பயிற்சி, மூக்குக் குழாய், மின் தூண்டல், அக்குபஞ்சர் ஆகிய எல்லாமே.

விழுங்குவது ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்குள் நாக்கு உணவை உருட்டிப் பின்னால் தள்ள வேண்டும். உள்நாக்குப் பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைக்க வேண்டும். குரல்வளை மேலேறி மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு ஒரு கணம் நிற்க, உணவுக்குழாயின் மேல்வாய் திறந்துகொள்ள வேண்டும். ஐந்து இணை மூளை நரம்புகளும் முப்பதுக்கும் குறையாத தசைகளும் வரிசை பிசகாமல் இயங்கினால்தான் இது நடக்கும். அந்த வரிசையை நடத்தும் மையம் மூளைத்தண்டில், முகுளத்தில் இருக்கிறது. அதற்கு மேலிருந்து ஆணையிடுபவை பெருமூளையின் இரண்டு பாதிகளும். கையை இயக்க முக்கியமாக எதிர்ப்பக்க மூளை மட்டுமே பொறுப்பு; விழுங்கலுக்கோ இரண்டு பக்கமும் பொறுப்பு. ஒரு பாதி அடிபட்டாலும் மறுபாதி மெல்ல மெல்ல வேலையை ஏற்றுக்கொள்ள வழி இருப்பது இதனால்தான். முகுளமே அடிபட்டவர்களுக்கு மீட்சி தாமதமாகும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட. நோயாளியின் தலை ஸ்கேன் அறிக்கையில் அடைப்பு எந்த இடத்தில் என்று எழுதியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் எந்தச் சிகிச்சையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு அந்த ஒரு வரிதான் அளவுகோல்.

முதல் மணி நேரமும் முதல் வாய்த் தண்ணீரும்

சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம் ஊர்களிலும் ஒருவர் வாய் கோணி விழுந்துவிட்டால் வீட்டில் முதலில் நடப்பது தண்ணீர் கொடுப்பது. சிலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள், சிலர் சீனித் தண்ணீர். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு மடக்கு புகட்டும் வீடுகளும் உண்டு. நம்பிக்கையோடு செய்வதுதான், ஆனால் அந்த ஒரு மடக்கு நுரையீரலுக்குள் இறங்கினால் மூன்றாம் நாள் காய்ச்சலோடு நிமோனியா வந்துவிடலாம். புற்றுமண்ணை நெற்றியில் பூசலாம். வாய் வழியே எதுவும் கூடாது, மாத்திரையும் கூடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அதுவும் தலை ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது ஊரார் சொல்லும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக உள்ளூரில் அரை நாள் வீணானால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்தக் கட்டத்தில் அக்குபஞ்சருக்கு இடமே இல்லை. விரல் நுனிகளிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பக்கவாதம் நின்றுவிடும் என்று கைபேசிகளில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் நேரம் இழக்க வேண்டாம்.

விழுங்கல் சோதனை

மருத்துவமனையில் சேர்த்ததும் வாய் வழியே எதையும் கொடுக்கும் முன் விழுங்கல் சோதனை செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீரில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, இருமலும் குரல் மாற்றமும் வருகிறதா என்று பார்ப்பார்கள். செவிலியரோ பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை நிபுணரோ இதைச் செய்யலாம். செய்திருக்கிறார்களா என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

இந்தப் படுக்கையோரச் சோதனையில் ஒரு குறை இருக்கிறது. தொண்டையில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. ‘புரை ஏறவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, நுரையீரலின் அடிப்பகுதியில் சளி சேர்ந்துகொண்டிருக்கும். காரணம் தெரியாமல் மாலையில் காய்ச்சல் வந்து போவது, உடல் எடை குறைவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆவது ஆகியவை இதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்க்கும் சோதனையோ, மூக்கு வழியே மெல்லிய குழல் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையோ தேவைப்படும். இவை பெரிய நகரங்களில்தான் கிடைக்கும். அலைச்சலாக இருந்தாலும் ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. அக்குபஞ்சர் ஊசி தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என்று இரண்டு பதிவுகள் இருந்தால், பலன் உண்டா இல்லையா என்பதில் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஊசி மருத்துவம் என்ன செய்கிறது

அக்குபஞ்சர் சீன மருத்துவத்தின் ஒரு பிரிவு. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸோடு சீனா சென்ற மருத்துவக் குழுவில் இருந்தவர். 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று கற்று வந்து கல்கத்தாவில் ஊசி மருத்துவத்தைத் தொடங்கினார். பக்கவாதத்துக்கான இன்றைய ஊசி முறைகளில் பெயர் பெற்றது, சீனாவின் தியான்ஜின் நகரில் மருத்துவர் ஷி சுவேமின் 1972-ல் உருவாக்கிய முறை. விழுங்கல் குறைக்குச் சீன மருத்துவமனைகள் கையாளும் புள்ளித் தேர்வுகள் பலவற்றில் அதன் செல்வாக்கைக் காணலாம்.

விழுங்கலுக்கு அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படும் புள்ளிகள் சில. லியென்ச்சுவான் என்பது தொண்டை முடிச்சுக்கு மேலே, நாவடி எலும்பின் மேல் விளிம்பில் உள்ள குழி. ஊசி நாக்கின் அடியை நோக்கிச் சாய்வாக இறங்கும். ஃபெங்ச்சி பிடரியில், மண்டையோட்டின் கீழ் விளிம்பில், இரு பக்கமும் உள்ள பள்ளம். யிஃபெங் காது மடலுக்குப் பின்னால், தாடையெலும்புக்கும் காதுப்புற எலும்புக்கும் நடுவில் இருக்கிறது. நெய்குவான் மணிக்கட்டு ரேகைக்கு மேலே இரண்டு தசைநாண்களுக்கிடையே இருக்கிறது. இவை தவிர, நாக்கின் அடியில் ஜின்ஜின், யூயே என்ற இரண்டு இடங்களில் ஊசியால் லேசாகக் குத்தி ரத்தத் துளி எடுக்கும் வழக்கமும் உண்டு. ஊசி மயிரிழை போன்றது, கால் மில்லிமீட்டர் தடிமன். இருபது முதல் முப்பது நிமிடம் வைத்திருந்து எடுப்பார்கள். நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் ஐந்தாறு நாள், இரண்டு முதல் நான்கு வாரம் என்பதுதான் ஆய்வுகளில் பெரும்பாலும் காணப்படும் அளவு. வாரம் ஒருமுறை ஓர் ஊசி என்ற சிகிச்சை அந்த ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

மரபு விளக்கம், அடைபட்ட நாடிகள் திறக்கின்றன என்பது. உடற்கூறு சார்ந்த விளக்கம் வேறு. லியென்ச்சுவான் ஊசி இறங்கும் இடத்தில் குரல்வளையை மேலே தூக்கும் தசைகள் இருக்கின்றன. பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் உள்ள நரம்பு இழைகள் கொண்டுபோகும் தூண்டல், விழுங்கல் மையம் இருக்கும் மூளைத்தண்டை எட்டுகிறது. லியென்ச்சுவானில் மின் தூண்டல் கொடுத்து எலிகளில் செய்த சோதனைகளில், பெருமூளையின் இயக்கப் பகுதியிலிருந்து மூளைத்தண்டு வரை உள்ள ஒரு நரம்புப் பாதை விழிப்படைவது காணப்பட்டிருக்கிறது. எலியில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஊசி செய்வது வெறும் மனத்தேற்றம் மட்டும்தானா என்ற கேள்விக்கு இது ஒரு தொடக்க விடை.

சான்று எவ்வளவு

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2008-ல், பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் விழுங்கலுக்கு அக்குபஞ்சர் உதவுமா என்று தேடியது. தகுதியான ஆய்வு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதில் இருந்தவர்கள் 66 பேர். எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எழுதிவிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து 2018-ல் அதே அமைப்பு, அக்குபஞ்சர், தொண்டை மின் தூண்டல், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்து 41 ஆய்வுகளில் 2,660 பேரைப் பார்த்தது. இச்சிகிச்சைகளால் இறப்போ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறைந்ததாகத் தெரியவில்லை. விழுங்கல் குறை தணிந்திருக்கலாம், நெஞ்சுத் தொற்று குறைந்திருக்கலாம், மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் குறைந்திருக்கலாம் என்றது அறிக்கை. அக்குபஞ்சர் பிரிவிலும் விழுங்கல் குறை உள்ளவர்களின் விகிதம் குறைந்திருந்தது. சான்றின் தரம் நடுத்தரம் அல்லது கீழ் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

தரம் குறைவு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது குடும்பத்தாருக்கும் புரிய வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை, சிறியவை. யாருக்கு ஊசி, யாருக்கு ஊசி இல்லை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தவை பல. ஊசி பெற்றவர்களில் அநேகருக்கு விழுங்கல் பயிற்சியும் கூடவே கிடைத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முதல் வாரங்களில் தானாகத் தேறுபவர்கள் நிறைய. பத்தாம் நாள் ஊசி தொடங்கி இருபதாம் நாள் கஞ்சி குடித்தவருக்கு அது ஊசியால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ‘பக்கத்துத் தெருக்காரருக்குச் சரியானது’ என்ற சாட்சியத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், பயிற்சியோடு சேர்த்துத் தேர்ந்த கையால் ஊசி போட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பயிற்சியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்புவதில் இல்லை.

யாரிடம் போவது

மத்திய சுகாதாரத் துறை 2003-ல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக அல்லாமல் ஒரு சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது. 2019-ல் வந்த ஆணை அதற்குத் தனி நிலை கொடுத்தது. ஆனால் பெயர்ப்பலகையில் ‘அக்குபஞ்சர்’ என்று இருப்பதாலேயே உள்ளே இருப்பவர் பக்கவாதம் அறிந்தவர் ஆகிவிட மாட்டார். அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரிகளில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்; அவர்கள் பாடத்தில் அக்குபஞ்சரும் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஊசிப் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். முதலில் தேட வேண்டியது இவர்களைத்தான். அரசு மருத்துவமனையில் யோகா இயற்கை மருத்துவப் பிரிவு இருந்தால் அங்கே கேட்கலாம்.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடும் முறை பரவலாக இருக்கிறது. விழுங்கல் குறைக்கான ஆய்வுகள் எவையும் அந்தத் தொடுமுறையைச் சோதித்தவை அல்ல. தொடுவதால் கேடில்லை. கேடு வருவது, அங்கே ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும்போதுதான். அப்படிச் சொல்லும் இடத்துக்கு இரண்டாம் முறை போகக் கூடாது. இரண்டாவது பக்கவாதம் முதலாவதைவிடக் கொடியது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பதால் இப்பகுதியில் பலர் வர்ம சிகிச்சையையும் நாடுவார்கள். வர்மம் வேறு, அக்குபஞ்சர் வேறு. எதுவானாலும் கழுத்தில் அழுத்தித் தடவுவதையும் கழுத்தைத் திருகுவதையும் பக்கவாத நோயாளிக்குச் செய்ய விடக் கூடாது.

தினமும் பேருந்தில் திருநெல்வேலி போய்வரும் சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உட்கார முடியாத ஒருவரை நாளுக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் அலைக்கழித்து இருபது நிமிட ஊசி போட்டுவருவது பலனைவிடக் களைப்பையே தரும். களைத்தவருக்கு விழுங்கலும் மோசமாகும். விசைத்தறியில் நாள் கூலிக்குப் போகும் வீடாக இருந்தால் ஒருவரின் சம்பளமும் போகும். ஊரிலேயே தகுந்தவர் இல்லையென்றால் ஊசியை விட்டுவிட்டு வீட்டுப் பயிற்சியை முழுமையாகச் செய்வதே மேல். மாநில அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

ஊசி போடும் முன் சொல்ல வேண்டியவை

பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய் ஊசி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்குக் கழுத்தில் ஆழமான ஊசி கூடாது. நாக்கின் அடியில் குத்தி ரத்தம் எடுக்கும் முறையை விழுங்க முடியாதவருக்கு மறுத்துவிடுவதே நல்லது. வழியும் ரத்தத்தை அவரால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும்.

பிடரிப் புள்ளியான ஃபெங்ச்சியின் ஆழத்தில் மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி ஓடுகிறது, அதற்கும் உள்ளே தண்டுவடம். சில சீன ஆய்வுகளில் இந்த ஊசியை மிக ஆழமாக இறக்கியிருக்கிறார்கள். அது கைதேர்ந்தவர்கள் செய்தது. இங்கே மூக்கு நுனியை நோக்கி மேலோட்டமாக இறக்கினால் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கக் கூடாது. வலிப்பு வந்தவர், காய்ச்சல் உள்ளவர், அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோருக்குத் தள்ளிப்போட வேண்டும். ஊசி ஒவ்வொரு முறையும் உறை பிரித்த புதியதாக இருக்க வேண்டும், போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். உணர்ச்சி மரத்த பக்கத்தில் ஓர் ஊசி மறந்துபோனால் நோயாளியால் சொல்ல முடியாது.

கூடவே செய்ய வேண்டிய பயிற்சியும் உணவும்

ஊசி போட்ட பிறகு நோயாளி சற்று ஓய்ந்ததும் அன்றே பயிற்சி செய்வது நல்லது. முழு பலத்தோடு எச்சிலை விழுங்குவது ஒன்று. விழுங்கும்போது தொண்டை முடிச்சு மேலேறும். அதை இரண்டு மூன்று நொடி மேலேயே பிடித்து நிறுத்திப் பிறகு விடுவது மற்றொன்று. தாடைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு மென்மையான ரப்பர் பந்தை வைத்து, தாடையால் அமுக்கிப் பிடித்து விடுவது வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது. குரல்வளையைத் தூக்கும் தசைகள் இதில் வலுப்படும். எந்தப் பயிற்சி எத்தனை முறை என்பதை நிபுணர் வகுக்க வேண்டும்.

உணவில் ஊர்ப் பழக்கம் ஒன்றை மாற்றியாக வேண்டும். நோயாளிக்கு எளிது என்று நினைத்து ரசம் சாதமும் பருக்கையோடு நீராகாரமும் கொடுப்பார்கள். விழுங்கல் குறை உள்ளவருக்கு மிகக் கடினமானவை இவைதான். நீர் முந்திக்கொண்டு ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும், பருக்கை தொண்டையில் தங்கும். உளுந்தங்களி சத்தானது, ஆனால் ஒட்டும், ஒட்டுவது அடைக்கும். கட்டியில்லாமல் வடிகட்டிய கெட்டியான கேழ்வரகுக் கூழ், மையாக மசித்த இட்லி, மசித்த பருப்பு ஆகியவை பொருந்தும். கரண்டியில் எடுத்தால் வடிவம் மாறாமல் நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். உலகளவில் உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; இந்தப் பதம் நான்காம் படி. எல்லாருக்கும் இதுவே பொருந்தும் என்பதில்லை. எந்தப் படியில் தொடங்குவது என்பதைச் சோதனைதான் சொல்லும்.

நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. மூக்குக் குழாய் வழியே ஊட்டும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. எச்சிலோடு இறங்கும் கிருமிகளே நிமோனியாவுக்கு முக்கியக் காரணம். காலை, மாலை வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது எந்த ஊசிக்கும் குறைந்த சிகிச்சை அல்ல. மாத்திரைகளை இடித்துக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை இடிக்கக் கூடாது.

எப்போது நிறுத்துவது

ஊசி தொடங்கும் நாளிலேயே முடிவு நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு வாரம் போதுமான காலம். அதற்குள் மறு சோதனையில் உணவுப் பதம் ஒரு படியாவது ஏறியிருந்தால் தொடரலாம். ஏறவில்லையென்றால் ஊசியை நிறுத்திப் பயிற்சியை மட்டும் தொடர வேண்டும், மருத்துவர் எத்தனை நல்லவராக இருந்தாலும். மூக்குக் குழாய் ஒரு மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பது பற்றி மருத்துவமனையில் பேசலாம். அதை ‘இனி அவ்வளவுதான்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுங்கல் திரும்பியதும் அதையும் எடுத்துவிடலாம், உடலில் வலு இருந்தால்தான் பயிற்சியும் நடக்கும்.

ஆடித்தபசு, பொங்கல் போன்ற நாட்களில் வீட்டுக்கு வரும் உறவினர்கள் அன்போடு ஒரு வாய் பாயசமோ பிரியாணியோ ஊட்டப் பார்ப்பார்கள். நோயாளியும் ஆசையோடு வாயைத் திறப்பார். ஊசி எத்தனை நாள் போட்டிருந்தாலும், குழாயை எடுக்கலாம், வாயால் கொடுக்கலாம் என்று மறு சோதனை செய்தவர் எழுதித் தரும் வரை அந்த ஒரு வாயைக் கொடுக்காதீர்கள்.